நீ சொன்ன ‘போ’

அம்மா,

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். சேவூர் பக்கம் நாங்கள் இப்போது இருக்கிற வீட்டுக்கு அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்தவர், மரியாதைக்காரர். “மேடம், உங்க அடுப்புல ஏதோ தீயுது பாருங்க” என்றார். தீயவில்லை, நான்தான் தீய்த்துக்கொண்டிருந்தேன். முழு வெங்காயத்தையும் ஒரு பெரிய துண்டு இஞ்சியையும் தோலோடு காஸ் நெருப்பின்மேல் வைத்துக் கரியாகிறவரை புரட்டிக்கொண்டிருந்தேன். இதை அந்த மனிதருக்கு எப்படி விளக்குவது? “சமையல்தாங்க” என்றேன். என் தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். இதற்குமேல் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்திருக்க வேண்டும், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

கதவைச் சாத்திவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நம் பழைய தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இதே பேச்சுதானே நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சம்பூர்ணம் அக்கா, “ஏ சைகோன்காரி, இன்னாவோ தீயுது பாரு” என்று கத்துவார். இந்தப் பக்கமிருந்து நீ, “தீயல. நான் தீ வெச்சேன்” என்பாய். அவ்வளவு நிதானமாகச் சொல்வாய். உன்னைத் தெரியாதவர்கள் கேட்டிருந்தால் குடம் தண்ணீரோடு ஓடிவந்திருப்பார்கள்.

சைகோன்காரி என்பது அப்பாவின் அக்கா வைத்த பெயர். உன் சொந்தப் பெயர் அத்தையின் வாயில் நுழையவில்லை. அப்பா பத்துப் பன்னிரண்டு வயதிலேயே, சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு தூரத்து உறவினரோடு கப்பலேறியவர். அங்கேயே வளர்ந்து, அங்கேயே கடையில் நின்று, துணி வாங்க வந்த அந்த ஊர்ப் பெண்ணான உன்னைப் பார்த்தவர். “மீட்டர் அளக்கும்போது ஒரு சாண் சேத்து வுட்டேன், அதுல மாட்டிக்கினேன்” என்று இன்றைக்கும் சொல்கிறார். யுத்தம் முடிந்து ஆட்சி மாறியது. கடைகள் மூடப்பட்டன, இந்தியர்கள் கிளம்பலாம் என்றார்கள், நீங்கள் கிளம்பினீர்கள். கையில் இரண்டு பெட்டி, ஒன்றுக்குள் துணியில் சுற்றிய நீலப் பூப்போட்ட பீங்கான் கிண்ணங்கள், உன் வயிற்றில் நான். அப்பாவுக்காவது இது பிறந்த ஊர். உனக்கு ஆரணி என்பது கேள்விப்பட்ட ஒரு சொல், அவ்வளவுதான். அந்த வயதில் என்னால் அப்படி ஒரு பஸ்கூட ஏறியிருக்க முடியாது, நீ விமானம் ஏறியிருக்கிறாய்.

அப்பா பட்டுச் சேலைகளை மூட்டை கட்டிச் சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் காட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டார். நீ நம் தெருவிலேயே ஒரு தறி வீட்டுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாய். தமிழையும் அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டாய், அதனால் உன் தமிழில் பாதி நெசவு, பாதி சம்பூர்ணம் அக்கா. “இன்னாங்க, நூல் அறுந்துபோச்சி” என்பதை நீ தப்பில்லாமல் சொல்வாய். “எனக்கு வருத்தமாக இருக்கிறது” என்பதை நீ ஒருமுறையும் சொல்லி நான் கேட்டதில்லை. என்னிடம் உன் பாஷையில் பேசவே கூடாது, பிள்ளை குழம்பிவிடும் என்று அப்பா சொன்னதை நீ அப்படியே பிடித்துக்கொண்டாய். நீங்கள் இருவரும் சண்டை போடும்போது மட்டும் அந்தப் பாஷை வீட்டுக்குள் வரும். ஆகையால் எனக்கு அதில் தெரிந்தது நாலைந்து திட்டுகள்தான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை நீ விடவில்லை. சைகோன் இடியாப்பம் என்று நம் வீட்டில் அதற்குப் பெயர். வெள்ளாட்டு எலும்பை விடியற்காலையிலேயே அடுப்பில் ஏற்றுவாய். பிரியாணிக்கு மசாலா விற்கிற பாய் கடையில் அன்னாசிப்பூவும் பட்டையும் கிராம்பும் வாங்கிவந்து, வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து அதில் போடுவாய். கரியாக்கின வெங்காயமும் இஞ்சியும் அதன்மேல் விழும். அந்த ஊரில் போடுகிற பட்டையான அரிசிச் சேவை இங்கே கிடைக்காது. சாதா இடியாப்பமோ சூடான சாற்றில் விழுந்ததும் கரைந்து கஞ்சியாகிவிடும். என்னென்னவோ செய்து பார்த்து, கடைசியில் அரிசி மாவோடு ஜவ்வரிசி மாவைக் கலந்து, முறுக்கு அச்சில் தடியாகப் பிழிய ஆரம்பித்தாய். அது நின்றது. அன்றைக்கு உனக்கு வந்த சந்தோஷத்தை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். மேலே முளைகட்டின பச்சைப்பயறு, புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், அரை மூடி எலுமிச்சை. தறிக்கு வாங்கி மிஞ்சிய மூங்கிலை அப்பா சீவிக் கொடுத்த குச்சிகளால் நீ சாப்பிடுவாய், நான் கையால் அள்ளிச் சாப்பிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் மூக்கு ஒழுகும், நெற்றி வியர்க்கும், அதற்குப் பிறகு யாரோடும் எந்தக் கோபமும் இருக்காது.

இதில் பேஜார் பிடித்தது ஒன்றுண்டு என்றால் அது மாடியிலிருந்த ஜாடிதான். சென்னைக்குப் போய்த் திரும்பும்போது அப்பா நெத்திலி மீனை உப்பில் புரட்டி டப்பாவில் அடைத்துக் கொண்டுவருவார். பட்டுச் சேலை வியாபாரிமேல் ஏன் இந்த வாடை என்று கண்டக்டர்கள் அவரைப் பின்சீட்டுக்குத் துரத்துவார்களாம். அந்த மீனை நீ ஜாடியில் அடுக்கி, உப்பு போட்டு, வாயைக் கட்டி, மாதக்கணக்கில் வெயிலில் விடுவாய். கடைசியில் தேன் நிறத்தில் ஒரு நீர் இறங்கும். அதில் ஒரு கரண்டி விழாமல் உனக்குச் சாறு சாறே இல்லை. ஆனால் அந்த ஜாடியைத் திறக்கிற வேளை இருக்கிறதே, தெய்வமே.

நான் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்கு வந்திருந்த சமயம். தெருவில் பாவு போட்டிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, எல்லோருமாகச் சேர்ந்து கஞ்சி தடவிக்கொண்டிருந்த காலை. அது தெரியாமல் நீ மாடியில் ஜாடியைத் திறந்துவிட்டாய். கீழே அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். “பெருச்சாளி செத்துக் கெடக்குது, ஜல்தியா தேடுங்க, பட்டுல வாடை ஏறிடும்” என்று பாவுக்காரர் சத்தம் போட்டார். சாக்கடை மூடியைத் தூக்கினார்கள், ஓட்டு இடுக்கில் பார்த்தார்கள். நான் மாடிப்படியில் பயந்து நின்றுகொண்டிருக்க, நீ ஒரு நீளக் குச்சியோடு இறங்கி வந்து எல்லோரையும்விட மும்முரமாகத் தேடினாய். சம்பூர்ணம் அக்கா வீட்டுப் பின்பக்கம்வரை போய்த் தேடினாய். வாடை அடங்கி, பெருச்சாளி கிடைக்காமலே பாவு முடிந்தது. சாயங்காலம் அப்பா, “நீ எதுக்குத் தேடின?” என்று கேட்டதற்கு, “எல்லாரும் தேடறாங்க. நான் மட்டும் கம்முனு இருந்தா சந்தேகம் வரும்” என்றாய். அப்பா அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

உன்னிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். ‘போ’ என்ற சொல்லைத் தனியாக நீ உச்சரிக்கவே மாட்டாய். பூனையை விரட்டினாலும் “போயிட்டு வா”தான். காஸ்காரர், கீரைக்காரம்மா, வாசலில் வந்து கிளி ஜோசியம் பார்க்கிறவர், எல்லோருக்கும் “போயிட்டு வாங்க”. கிளம்புகிறவர்களிடம் வெறுமனே போ என்று நம் பக்கத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் நீ அதில் காட்டிய கண்டிப்பு பூசாரிக்குக்கூட இருக்காது. ஏன் என்று கேட்டால் அப்பா, “தமிழ் சொல்லிக் குடுக்கும்போது ஆரம்பத்துல ஒரு கொளறுபடி ஆயிடுச்சி, வுடு” என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இதன் உச்சம், எதிர்ச்சாரியிலிருந்த தாத்தா ஒருவர் இறந்து அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று நடந்தது. பாடை நம் வாசலைத் தாண்டும்போது நீ முக்காடு போட்டுக்கொண்டு, கைகூப்பி, தெளிவான குரலில், “போயிட்டு வாங்க” என்றாய். மேளக்காரருக்குத் தாளம் தப்பியது. சம்பூர்ணம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார். சேவூரிலிருந்து துக்கத்துக்கு வந்திருந்த அத்தை உன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

“பொணத்தப் போய் யாராவது திரும்பி வான்னு கூப்புடுவாங்களாடி?”

“போ மட்டும் சொன்னா தப்பு. நீங்கதான சொன்னீங்க” என்றாய்.

யாருக்கும் அடங்காத அத்தை உன் கையை விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஏதோ பழைய கணக்கு இருவருக்கும் நடுவில் இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

பிறகு நான் படித்து முடித்தேன், சென்னையில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு முறை ஊருக்கு வந்து திரும்பும்போதும் நீ பஸ் ஸ்டாண்டுவரை வருவாய். பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலுக்குக் கீழே வேகமாக நடந்துகொண்டே, “போயிட்டு வா, போயிட்டு வா” என்பாய். எனக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் அந்தக் குரல் காதில் விழுந்தால்தான் சீட்டில் சாய்ந்து உட்காருவேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை அப்பாவின் போன் வந்தது. நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள், பக்கவாதம் என்றார். நான் ஆரணிக்கு வந்து சேர்ந்தபோது நீ ஒரு நர்சிங் ஹோமில், பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாய். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வந்தேன். எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது. உன் தமிழ் போய்விட்டிருந்தது. டாக்டர் கேட்டதற்கு நீ உன் பாஷையில் ஏதோ குழறினாய். பின்னால் கற்றுக்கொண்ட பாஷை சிலருக்கு இப்படி மறந்துபோகும், திரும்பவும் வரலாம் என்று அவர் சொன்னார். இத்தனை வருஷம் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தாயே, அத்தனையும் போய்விட்டதா?

உன் பாஷை தெரிந்த ஒரே ஆள் அப்பா. ஆனால் பெண்கள் வார்டுக்குள் ஆண்கள் சாயங்காலம் பார்வை நேரத்தில் மட்டும்தான் வரலாம். மற்ற நேரமெல்லாம் அவர் வெளியே பெஞ்சில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் உள்ளே வந்தாலோ, அவர் முகத்தைப் பார்த்ததும் நீ அழுவாய், அழுதே களைத்துத் தூங்கிவிடுவாய். பேச்சே இருக்காது.

என்னிடம் பேசினாய். அதுதான் என்னைக் கொன்றது. கஞ்சியைக் கிண்ணத்தில் எடுத்துவந்து உன் அருகில் உட்கார்ந்தேன். முதல் ஸ்பூனைத் துப்பினாய். என்னை நேராகப் பார்த்து, “போ” என்றாய்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். இட்லியைப் பாலில் கரைத்து ஊட்டினேன், அதற்கும் “போ”. ஏதோ கேட்பதுபோல் குரலைத் தூக்கி, இன்னும் நீ போகவில்லையா என்கிற மாதிரி, “போ?” என்றாய். இடது கையால் என் மணிக்கட்டைத் தள்ளினாய். பூனையைக்கூட அப்படிச் சொல்லாத நீ பெற்ற மகளைச் சொன்னாய்.

பார்க்க வந்த உறவுக்காரப் பெண்மணி ஒருவர், படவேட்டு அம்மன் குங்குமத்தை உன் நெற்றியில் வைத்துவிட்டு, என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். “மனச தேத்திக்கோம்மா. போற உசுரு பாசத்த அறுத்துக்கத்தான் இப்படித் தொரத்தும். எங்க மாமியாரும் கடைசில என்ன மூஞ்சில முழிக்காதன்னாங்க” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு அவர் வாயில் அந்தக் குங்குமத்தைக் கொட்டலாம்போல இருந்தது. டாக்டரோ, இப்படியே எதையும் விழுங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும், உடம்பு வேகமாக இறங்குகிறது என்றார்.

வெளியே அப்பா தினமும் கேட்பார். “இன்னா பேசினா? எதனா சொன்னாளா?”

“ஒண்ணும் பேசலப்பா” என்பேன். அவரிடம் என்னவென்று சொல்வது? திரும்பவும் அந்நிய ஊரில் ஆதரவில்லாமல் நிற்பவரைப்போல அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ என்னைத் துரத்துகிறாய், உயிரை விடத் தயாராகிவிட்டாய் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் ராகிக் கஞ்சியைக் கையால் தட்டிவிட்டாய். என் புடவை முழுக்கக் கஞ்சி. மறுபடியும் “போ”. நான் எழுந்து வெளியே வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க, ஓவென்று அழுதேன்.

“இன்னாடி ஆச்சு? அவளுக்கு இன்னா?”

“நான் போறம்ப்பா. என்ன வேணாங்கறா. வந்த நாள்லேருந்து போ போன்னு தொரத்திகினே இருக்கறா. வாய தொறந்தா அது ஒண்ணுதான் வருது.”

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். “எப்ப சொல்றா?”

“எப்பன்னா? சோத்த எடுத்துகினு போனா சொல்றா.”

“எப்படிச் சொல்றா? அதே மாதிரி சொல்லு.”

எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் உன்னைப்போலவே, குரலைத் தணித்து மேலே தூக்கி, “போ?” என்றேன்.

அப்பா துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் அவர் முதுகைத் தடவினேன். துண்டை எடுத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அது போ இல்லடி பைத்தியம். ஃபோ. உதட்ட லேசா கடிச்சி காத்து வுட்டுச் சொல்லணும், கேள்வி கேக்கற மாதிரி இழுக்கணும். அவளுக்கு இப்ப வாய் கோணிகினு கீதே, எப்படி வரும்? நம்ம வூட்டு சைகோன் இடியாப்பம்தான் அது. அதோட நெசப் பேரு அதான். அவ பசிக்குதுன்றா.”

நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்ததுபோல இருந்தது. நீ என்னைத் துரத்தவில்லை. நீ சாகவும் கிளம்பவில்லை. உனக்குப் பசித்தது, பிடித்ததைக் கேட்டாய், இந்த மடச்சி ராகிக் கஞ்சியை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இந்தப் பேரு எனக்கு எப்படிப்பா தெரியாம போச்சு?”

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. நீங்கள் ஆரணிக்கு வந்து சேர்ந்த புதிதில், தம்பி பெண்டாட்டியைப் பார்க்க அத்தை சேவூரிலிருந்து வந்தாளாம். அப்பா வீட்டில் இல்லை. உனக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வருகிறவளுக்கு உன்னிடமிருந்ததிலேயே நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று அதைச் செய்து, நீலப் பூக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், தலை குனிந்து, சிரித்த முகத்தோடு, “ஃபோ” என்றாயாம். அத்தையின் காதில் அது ‘போ’ என்றுதான் விழுந்தது. அத்தை வாங்கவில்லை. புரியவில்லையோ என்று நீ இன்னும் பக்கத்தில் போய், இன்னும் சிரித்து, “போ, போ” என்றாயாம். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் சேவூருக்கு நடையைக் கட்டிவிட்டாள். பொறந்த வீட்டுக்கு வந்தவளை ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் போ போ என்று விரட்டினாள் என்று ஊரெல்லாம் சொன்னாள். அப்பா போய்க் காலில் விழாத குறையாக விளக்கி, பல மாதம் கழித்து அழைத்துக்கொண்டு வந்தார். வந்தவள் ஒரு நிபந்தனை போட்டாள். என்ன எழவையாவது செய்து தின்னுங்கள், அந்தப் பேர் மட்டும் என் காதில் விழக்கூடாது. போ என்று தனியாக இவள் வாயில் இனிமேல் வரவே கூடாது.

“சரின்னுட்டா உங்கம்மா” என்றார் அப்பா. “அன்னியோட வுட்டா. என்கிட்டகூட அந்தப் பேர சொன்னதில்ல.”

ஊரை விட்டு வந்தீர்கள், உறவை விட்டு வந்தீர்கள், அதெல்லாம் எனக்குத் தெரியும். யாரோ ஒருத்தி மனம் நோகக்கூடாது என்று, ஆசையாகச் சாப்பிடுகிற சோற்றின் பெயரைக்கூட விட்டுவிட்டாய் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நீயும் அப்பாவும் இப்படி இன்னும் எதையெதையெல்லாம் எனக்குத் தெரியாமல் விட்டீர்களோ. இருந்தும் அந்தச் சமையலை மட்டும் எனக்குச் சேர்த்து வைத்தாயே, அதற்கு உன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. அப்பா மொபெட்டில் எலும்பு வாங்க ஓடினார். நான் வீட்டுக்கு ஓடி அடுப்பைப் பற்றவைத்து, சீக்கிரம் வேக எலும்பைக் குக்கரில் ஏற்றினேன். விஷயத்தைக் கேட்டு அத்தையும் வந்துவிட்டாள். முறுக்கு அச்சை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, வயதான கையால் அழுத்திப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே யாரிடம் என்றில்லாமல் பேசினாள். “அன்னிக்கு அந்தக் கிண்ணத்த வாங்கி ஒரு வாய் குடிச்சிருந்தா இன்னா கொறஞ்சிருக்கும் எனக்கு? வெயில்ல நடந்ததுதான் மிச்சம்.” வெங்காயத்தை நெருப்பில் போட்டதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “இன்னாவோ தீயுது, சைகோன்காரி வந்துட்டாளா?” என்று சம்பூர்ணம் அக்காவின் குரல் கேட்டது. “நாளைக்கி வந்துடுவா” என்று அத்தை கத்தினாள்.

பார்வை நேரத்துக்கு மூவருமாக வந்தோம். மெதுவாக, நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடியாப்பத்தை நன்றாக மசித்திருந்தேன். தூக்குவாளியின் மூடியைத் திறந்ததும் அந்த வாடை வார்டு முழுக்கப் பரவியது. பக்கத்துக் கட்டில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ கண்ணைத் திறந்தாய்.

நீலப் பூக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, உன் முன்னால் கொண்டுவந்தேன். எனக்கு வேறென்ன பாஷை தெரியும்? “போ, அம்மா” என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு ஆவியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் மூச்சை இழுத்தாய். முதல் ஸ்பூன் பாதி உள்ளே, பாதி முகவாயில். அடுத்ததை விழுங்கினாய். அப்பா உன் முகவாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிண்ணம் காலியானபோது உன் மூக்கு ஒழுகியது, நெற்றி வியர்த்திருந்தது. அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மணி அடித்தார்கள். நர்ஸ் வந்து ஆண்கள் எல்லாம் கிளம்புங்கள் என்றார். அப்பா எழுந்தார். அவர் கதவருகே போனபோது பின்னாலிருந்து நீ, “போ” என்றாய். அவர் திரும்பினார். கிண்ணம் காலியாகத்தான் இருந்தது. உன் உதடு இன்னும் எதற்கோ முயன்றுகொண்டிருந்தது.

“...வா” என்றாய்.

உன் தமிழ் அந்த ஒரு சொல்லில்தான் திரும்பி வர ஆரம்பித்தது. முழுதாக வரவில்லை. ஆனால் நீ வீட்டுக்கு வந்தாய், இடது கையால் அந்த மூங்கில் குச்சியைப் பிடிக்கப் பழகினாய், நான் ஊரோடு வேலை தேடிக்கொண்டு வந்த பிறகு சில நல்ல வருஷங்கள் எங்களோடு இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தமாக, அத்தையின் காதுபடவே, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுச் சாப்பிட்டாய். அத்தையும் இன்னும் கொஞ்சம் போ ஊத்துடி என்று கிண்ணத்தை நீட்டுவாள்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று, பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்றார்கள். நின்றோம். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருந்தது. “போயிட்டு வாம்மா” என்றேன். யாராவது வாயைப் பொத்துவார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் அத்தை, “போயிட்டு வாடி” என்றாள். சம்பூர்ணம் அக்கா கைகூப்பிக்கொண்டு, “போயிட்டு வா சைகோன்காரி” என்றார். அதற்குப் பிறகு தெருவில் நின்ற ஒவ்வொருத்தியும் சொன்னாள். மேளக்காரருக்குத் தாளம் தப்பியிருக்கும், நான் கவனிக்கவில்லை.

இப்போது வெங்காயமும் இஞ்சியும் சாற்றுக்குள் விழுந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கிண்ணம் அனுப்பலாம் என்றிருக்கிறேன், பெயரை மட்டும் முன்கூட்டியே விளக்கிவிடுவேன். அத்தை பட்டது போதும். அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, உன் இடத்துக்கு எதிரில் எப்போதும்போல உட்கார்ந்துவிட்டார். உள்ளே பார்த்து, உன்னைப்போலவே குரலைத் தூக்கி, “ஃபோ?” என்கிறார். ஆறுவதற்குள் அவருக்குப் போட வேண்டும்.

போயிட்டு வரேம்மா.